தொட்டிலும் தொண்டும்

மணப்பாட்டு மணற்குன்றின்மீது நின்றால் இரு காட்சிகள் கண்ணிற்படும். மேலே, 1581ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட திருச்சிலுவைக் கோயில். கீழே, மீன்கூடை சுமந்து சந்தைக்கு விரையும் பெண்கள். பனையோலை கீறிப் பெட்டி முடையும் பெண்கள். முன்னதைக் காண வெளியூரார் திரள்கின்றனர். பின்னவர்தம் கைக்குழந்தை எங்கே என்று கேட்க வருவார் யார்?

1542இல் சவேரியார் வந்து சேர்ந்த இம்முத்துக்குளித்துறையில், பல ஊர்களில் கன்னியரே அதைக் கேட்டனர். பகுத்தறிவாளராகிய நாம் இதற்கு முகஞ்சுளித்துப் பயனில்லை. அழும் பிள்ளையை வாரியெடுத்த கை, செபமாலை தாங்கிய கையாயினும் வாரியெடுத்த கைதான்! கேள்வி அந்தக் கையைப் பற்றியதன்று. அதை நம்பித் தன் கையைக் கட்டிக்கொண்ட அரசைப் பற்றியது.

உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்காக 2006இல் இராஜீவ் காந்தி பெயரால் காப்பகத் திட்டம் வந்தது. 2017இல் அது மாநிலங்கள் வழி நடக்கும் தேசியத் திட்டமாயிற்று. அத்திட்டத்தில் செலவில் மைய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 30, நடத்தும் தொண்டு நிறுவனத்துக்கு 10 என்றிருந்தது. காப்பகப் பணியாளர்க்கு அப்போது திங்களுக்கு 3,000 ரூபாய் தரப்பட்டது. உதவியாளர்க்கு 1,500 ரூபாய் தரப்பட்டது.

இக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! அந்தப் பத்துப் பங்கைப் போட வல்லவராய் இருந்தவர் யார்? ஓலை முடையும் பெண்கள் சேர்ந்தமைத்த சங்கமா? இல்லை, காணிக்கையும் சொத்தும் கொண்ட திருச்சபையும் மடமுமே. அந்த ஊதியத்தில் யார் பணிபுரிய இயன்றது? துறவு பூண்டவர்க்கே கட்டுபடியான ஊதியம் அது! சமயத்தை அழைக்கிறோம் என்று ஏட்டில் எழுதவில்லை. ஆனால் சமயம் தவிர மற்றவர் நுழைய முடியாதபடி வாயிலைக் குறுக்கிவிட்டனர்.

பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனம் காப்பகம் அமைக்கவேண்டும் என்றது. நன்று! ஆனால் மீன் விற்பவளுக்கு முதலாளி ஏது? கடலா?

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், அரசு தரும் சான்றுச் சீட்டைத் தேவாலயக் காப்பகத்திலும் செலுத்தலாம் என்றது. பெற்றோர்க்குத் தேர்வுரிமை என்பது அவர்கள் வாதம். ஊருக்கு நாலு காப்பகம் உள்ள இடத்தில் அது தேர்வு. ஒன்றே உள்ள ஊரில் அதன் பெயர் வேறு: கதியின்மை!

நம் அரசமைப்பின் 28ஆம் பிரிவு, அரசுதவி பெறும் கல்வி நிலையத்தில் ஒப்புதலின்றி எவரையும் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. பேசத் தெரியாத மழலையின் ஒப்புதலை எங்ஙனம் பெறுவது? ஆகவே பொதுப்பணம் பெறும் காப்பகம், சிலுவையுடையதாயினும் திருநீறு பூசியதாயினும் பிறை பொறித்ததாயினும், எல்லாச் சாதிக்கும் சமயத்துக்கும் திறந்திருக்க வேண்டும். வழிபாட்டை வாயிலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். வரவுசெலவைப் பொதுவில் வைக்க வேண்டும்.

ஆயினும் நிபந்தனை இடைக்கால மருந்தே. நோய் தீர வழி, அரசே பொறுப்பேற்பது. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் உணவு வழங்கப்பட்டது. 1956இல் இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அன்னதானம் என்றிருந்தது, பிள்ளையின் உரிமையாயிற்று. சோற்றுக்கு நேர்ந்தது தொட்டிலுக்கு ஏன் நேரலாகாது?

2022இல் திட்டம் மீண்டும் பெயர் மாறியது. 'பால்னா' என்கின்றனர், தொட்டிலுக்கு இந்திச் சொல்! பெயரிலே நமக்குப் பிணக்குண்டு. எனினும் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் அதன் நோக்கம் நேர்வழி. சந்தை நேரத்துக்குத் திறக்கும் காப்பகம், வாழத்தகும் ஊதியம், கரையூர்தோறும் ஒரு தொட்டில்: இவையே நம் கோரிக்கை.

கன்னியரைப் பழிப்பது எளிது. அவர்கள் இல்லாமலே பிள்ளை உறங்கும் ஊரைச் சமைப்பது கடினம். கடினமானதன்றோ இயக்கத்தின் வேலை!