ரெண்டாவது நோட்டு

பி.காம். படிக்கும்போது எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஒரு விஷயம் சொல்வார். 'கடை எப்படி நடக்குதுன்னு தெரியணுமா? முதலாளி மேஜை மேல வெச்சிருக்கிற நோட்டைப் பார்க்காதீங்கடா. மெத்தைக்கு அடியில ஒண்ணு வெச்சிருப்பார். அதைப் பாருங்க!'

வரியை மறைக்க முதலாளி ரெண்டு நோட்டு எழுதுவது புரிகிறது. அதில் அவருக்கு லாபம். ஆனால், தான் உழைத்த உழைப்பையே மறைத்து, தனக்கு வரவேண்டிய காசையும் விட்டுக்கொடுத்து, ஒருத்தர் பொய்க் கணக்கு எழுதுவாரா?

எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில், நாட்டிலேயே மிகப் பெரிய விளம்பர கம்பெனியில்.

பெயர் டென்ட்சு. 1901ல் ஆரம்பித்தது. டோக்கியோவில் 48 மாடித் தலைமை அலுவலகம். அங்கே வேலை கிடைத்தால் சொந்தக்காரர்களிடம் நாலு நாள் பெருமையடித்துக்கொள்ளலாம், அப்படிப்பட்ட இடம். அந்த கம்பெனி, ஊழியர்களுக்குக் கொடுத்த கையேட்டில் பத்து விதிகளை அச்சடித்து வைத்திருந்தது. ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயரே 'அரக்கன் விதிகள் பத்து' என்கிற மாதிரி வரும். 1951ல் கம்பெனியின் நான்காவது தலைவர் ஹிடியோ யோஷிடா எழுதியது.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பத்தைத்தான்.

முதலில் பாராட்டு. நன்றாக எழுதப்பட்ட சமாசாரம் அது. வளவளா கிடையாது. வேலை வரட்டும் என்று காத்திருக்காதே, நீயே உண்டாக்கு என்கிறது. சின்ன வேலை உன்னையும் சின்னவனாக்கும், பெரிசாகப் பிடி என்கிறது. உரசலுக்குப் பயப்படாதே என்கிறது. எழுதிய காலத்தையும் பார்க்கணும். போரில் தோற்று ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜப்பானில் தனியார் ரேடியோ தொடங்கியதே அந்த 1951ல்தான். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தொழிலை நிறுத்த நினைத்த மனுஷன், தன் ஆட்களை உசுப்பிவிட எழுதியது. அவரிடம் குறை காண எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் குறை. ஐந்தாவது விதி: எடுத்த வேலையை விடாதே, கொன்று போட்டாலும் விடாதே, முடிகிறவரை விடாதே. சாரம் இதுதான்.

இதை முதலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் வீரம். சொந்தக் கடை, சொந்த ராத்திரி. ஆனால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் சொன்னால் அதன் அர்த்தமே மாறிப்போகிறது. வேலையை எடுத்தது அவனா? யாரோ அவன் தலையில் கட்டியது. 'இது என்னால ஆகாது சார்' என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை அவனுக்கு இருக்கிறதா?

பத்து விதிகளையும் ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன். அத்தனையும் ஊழியருக்கு. மேலதிகாரி என்ன செய்யணும் என்று ஒரு விதிகூட இல்லை. எப்போ வீட்டுக்குப் போகலாம் என்றும் இல்லை. காமர்ஸ்காரனுக்கு இது உறுத்தும். ஒரு தரப்பின் கடமையை மட்டும் எழுதிவிட்டு மறுதரப்பைக் காலியாக விட்ட தாளை நாங்கள் ஒப்பந்தம் என்று சொல்லமாட்டோம்.

சரி, அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

1991 ஆகஸ்டில், சேர்ந்து ரெண்டு வருஷம்கூட முடியாத 24 வயது இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விடிய விடிய வேலை, காலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி ஆபீஸ் என்று ஓடிய பையன். பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000 மார்ச்சில் ஜப்பான் சுப்ரீம் கோர்ட், கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் வெளிவந்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தான் பார்த்த ஓவர்டைமை அந்தப் பையன் குறைத்துக் குறைத்து எழுதிக் கொடுத்திருந்தான். அவன் மட்டுமல்ல, அங்கே அதுதான் வழக்கம்.

இனிமேலாவது திருந்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கையேட்டில் அந்தப் பத்தும் அப்படியேதான் இருந்தன.

2015 ஏப்ரலில் ஒரு பெண் சேர்ந்தார். டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரி. இணைய விளம்பரப் பிரிவு. அந்த வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி அவரும் போய்விட்டார். அவருக்கும் வயது 24.

உயிரோடு இருந்தபோது அந்தப் பெண் ட்விட்டரில் எழுதியிருந்தவற்றைப் பிறகு உலகமே படித்தது. உன் ஓவர்டைம் கம்பெனிக்கு தண்டம் என்று மேலதிகாரி சொன்னதாக. தலை கலைந்து, கண் சிவந்து வேலைக்கு வராதே என்று சொன்னதாக. தூக்கம் தவிர வேறு ஆசையே இல்லாமல் போனதாக. ஊழியர் கருத்து என்றால் இதுதான் சார் ஊழியர் கருத்து!

ஆனால், கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது வேறு. அக்டோபர் மாத ஓவர்டைம் 69.9 மணி நேரம். கம்பெனி ஒப்பந்தப்படி அனுமதி 70.

அந்த .9ஐ கவனியுங்கள். பாட்டா செருப்பு விலை மாதிரி இல்லை? ஒரு மனுஷி தன் தூக்கத்துக்கு ஒட்டிக்கொண்ட விலைச்சீட்டு.

குடும்பத்து வக்கீல் புத்திசாலி. தாளை நம்பவில்லை. கட்டட வாசலில் அடையாள அட்டை தேய்த்து உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அந்தப் பதிவுகளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். ரெண்டு கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நடுவில் விடுபட்ட நேரத்தில் ஊழியர்கள் சொந்த வேலைக்காகவும் சுயபடிப்புக்காகவும் ஆபீசில் இருந்ததாகக் கணக்கு! கடைசியில் 2016 செப்டம்பரில் தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்டது: மன அழுத்த நோய் வருவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் சுமார் 105 மணி நேரம் ஓவர்டைம். வேலைப்பளுவால் நேர்ந்த மரணம்.

அந்த ரெண்டாவது நோட்டு, மெத்தைக்கு அடியில் இல்லை. வாசல் கதவில் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. ராத்திரி பத்து மணிக்குத் தலைமை அலுவலக விளக்குகளை அணைத்தார்கள். கையேட்டிலிருந்து அந்தப் பத்து விதிகளையும் எடுத்தார்கள். தலைவர் ராஜினாமா செய்தார். 2017 அக்டோபரில் கோர்ட் அபராதம் போட்டது. எவ்வளவு தெரியுமா? ஐந்து லட்சம் யென். அன்றைய மதிப்பில் நம்ம ஊர் காசுக்கு மூன்று லட்ச ரூபாய்கூடத் தேறாது. 2019லும் ஓவர்டைம் விதிமீறலுக்காக அதே கம்பெனியைத் தொழிலாளர் துறை எச்சரிக்கவேண்டி வந்தது. விதியை அழிப்பது சுலபம். அதை மனப்பாடம் செய்துகொண்டு மேலே வந்தவர்களை என்ன செய்வது?

'அது ஜப்பான்காரன் சமாசாரம், நமக்கெதுக்கு?' என்கிறீர்களா?

2023ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும் என்றார். 2025 ஆரம்பத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 என்றார். பெரியவர்கள். உழைத்து மேலே வந்தவர்கள். யோஷிடா மாதிரியே.

பேப்பரும் பென்சிலும் எடுங்கள். ஜப்பானில் வாரத்துக்கு சட்டப்படி 40 மணி நேரம். நம் 70ல் அதைக் கழித்தால் 30. நாலு வாரத்துக்கு 120. ஒரே மாதத்தில் 100 மணி நேர ஓவர்டைம் தாண்டியவருக்கு மாரடைப்போ மூளையில் ரத்தக்கசிவோ வந்தால், வேலைதான் காரணம் என்று சந்தேகப்படணும் என்பது ஜப்பான் அரசாங்கம் வகுத்த அளவுகோல். நாம் மேடை போட்டுக் கைதட்டுகிற எண் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 90க்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, ஒரு விளம்பரப் பிரிவில். சாயங்காலம் ஆறு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டுத் திரும்ப வந்து சீட்டில் உட்காருவோம். யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். எங்கள் ஆபீஸ் எப்படி என்று யாராவது கேட்டால் 'சூப்பர் சார், குடும்பம் மாதிரி' என்று சொல்லியிருப்பேன். பொய்யில்லை. நம்பித்தான் சொல்லியிருப்பேன்.

என் நிஜமான கணக்கு அம்மாவிடம் இருந்தது. 'நேத்து நீ வந்தப்ப பதினொண்ணே முக்கால். அதுக்கு முந்தின நாள் சாதத்துல தண்ணி ஊத்தினப்புறம் வந்தே.' தேதி வாரியாகச் சொல்வாள்.

அந்தப் பெண்ணின் அம்மாவும், மகள் போன பிறகு டிசம்பர் மாதம் வரும்போதெல்லாம் அறிக்கை எழுதி வெளியிட்டு வந்திருக்கிறார். இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக்கூடாது என்று.

ஒரு கம்பெனி எப்படிப்பட்டது என்று தெரியணுமா? அங்கே வேலை பார்க்கிறவரைக் கேட்காதீர்கள். பாவம், அவர் 69.9 என்றுதான் சொல்வார். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு முழித்திருக்கிறவரைக் கேளுங்கள்.