காட்டை அறிந்தவரும் காட்டைக் காப்பவரும்
– ஊவாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

சுற்றாடல் பற்றிய ஆய்வரங்குகளிலும் அறிக்கைகளிலும் ஒரு கருத்துத் தவறாமல் இடம்பெற்று வருகிறது. சுதேச அறிவையும் விஞ்ஞான அறிவையும் இணைத்து உயிர்ப்பல்வகைமையைப் பேண வேண்டும் என்பதே அது. 1992இல் ரியோவில் முன்வைக்கப்பட்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை, சுதேச மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை மதித்துப் பேணுமாறு நாடுகளைக் கோருகிறது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாடு இதற்கென நிரந்தர அமைப்பொன்றையும் ஏற்படுத்தத் தீர்மானித்தது. இவை வரவேற்கப்பட வேண்டியவையே. எனினும் 'இணைத்தல்' என்ற சொல்லை ஊவா மாகாணத்தில் வைத்து வாசிக்கையில் எனக்குச் சில கேள்விகள் எழுகின்றன. இணைப்பவர் யார்? இணைத்த பின் காட்டில் உரிமை யாருக்கு?

பதுளை மாவட்டத்தில், மகியங்கனைக்கு அண்மையில் உள்ளது தம்பானை. வேடர் சமூகத்தின் முக்கிய வாழிடம் அது. இம்மக்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'த வெத்தாஸ்' இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூலாகும். ஒவ்வொரு குழுவுக்கும் உரிய வேட்டை நிலம் எது, தேன் எடுக்கும் பாறை எது, அவை எவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கைமாறின என்பதையெல்லாம் அந்நூல் கவனமாகப் பதிவு செய்கிறது. இன்னொருவரின் பாறையில் கைவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இன்று நாம் வளப் பராமரிப்பு எனலாம். நூலாசிரியர்கள் அதைச் சொத்துரிமை வழக்கமாகவே வகைப்படுத்தினர். அழிந்துகொண்டிருக்கும் மக்களின் கடைசித் தடயங்களைத் திரட்டுகிறோம் என்ற எண்ணம் நூல் முழுவதும் உண்டு.

வைத்தியர் ஆர்.எல். ஸ்பிற்றலை இன்னும் நுணுக்கமாக வாசிக்க வேண்டும். 1924இல் 'வைல்ட் சிலோன்' எழுதிய அவர் வேடரோடு காட்டில் நடந்தவர், அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். வனவிலங்குப் பாதுகாப்புக்காக உழைத்ததோடு 'லோரிஸ்' சஞ்சிகையின் ஆசிரியராகவும் நெடுங்காலம் இருந்தார். இரு அறிவுகளும் ஒரு மனிதரிடம் சந்தித்தமைக்கு இவரே நல்ல உதாரணம். ஆயினும் அவரது எழுத்தில் வேடர் பெரும்பாலும் வழிகாட்டிகளாகவும் மறைந்துபோகிறவர்களாகவுமே வருகிறார்கள். 1950இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே மறைந்துபோன தடங்களைப் பற்றியது. மறையப்போகிறவர்கள் என்று முடிவு செய்துவிட்டால், அவர்களிடம் வழி கேட்கலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை.

இந்தப் பார்வை நூல்களோடு நின்றிருந்தால் இலக்கிய விமர்சனத்தோடு முடிந்திருக்கும். 1983 நவம்பரில், துரித மகாவலித் திட்டத்தை ஒட்டி, மாதுறு ஓயா தேசிய பூங்கா 58,850 ஹெக்டேயரில் பிரகடனமாயிற்று. வேடர் குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு நகர்த்தப்பட்டன. திஸாஹாமி தலைமையில் சில குடும்பங்கள் மட்டும் தம்பானையை விட்டுப் போக மறுத்தன. பரம்பரையாக வேட்டையாடிய, தேன் எடுத்த நிலத்தில் அதே செயல்கள் குற்றமாயின. திஸாஹாமியின் மகன் வன்னில அத்தோ இம்முறைப்பாட்டை 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் எடுத்துச் சென்றார்.

பூங்காவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். யானைகளுக்கும் நீரேந்து பரப்புகளுக்கும் சட்டப் பாதுகாப்பு அவசியம். 2020இல் றம்பக்கன் ஓயா, பொல்லேபெத்த பகுதிக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து, வன்னில அத்தோ சுற்றாடல் நீதிக்கான மையத்தோடு சேர்ந்து நீதிமன்றம் சென்றார். காட்டை அறிந்தவரும் சட்டத்தை அறிந்தவரும் சம நிலையில் நின்றார்கள். நான் இணைப்பு என்று ஏற்பது இதைத்தான்.

இனித் தேயிலைத் தோட்டங்களுக்கு வருவோம். இலையைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழு ஒருகாலத்தில் தேயிலைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. அதன் முட்டைகளைத் தொழிலாளர் கையால் தேடிப் பொறுக்கினர். 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று கொண்டுவரப்பட்டதும் புழு அடங்கியது. விஞ்ஞானத்தின் உண்மையான வெற்றி அது. 1950களின் பிற்பகுதியில், கிளையைத் துளைக்கும் வண்டுக்கென டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. மருந்து குளவியைக் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. கிருமிநாசினியின் பக்கவிளைவுக்கு உதாரணமாக ஆய்வாளர்கள் இதைக் காட்டுவதுண்டு. ஆனால் நாள்தோறும் அதே நிரைகளில் கொழுந்து பறித்த பெண்களே அந்த மாற்றத்தை முதலில் கண்டிருக்கக்கூடும். அவர்கள் கண்டது எந்த ஏட்டில் ஏறியது?

இக்குறையில் நம் இலக்கியத்துக்கும் பங்குண்டு. பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (மறைவு 2022) முதலானோர் லயத்து வாழ்வை இலக்கியமாக்கினர். சி.வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவை பெரும் பணிகள். எனினும் என் வாசிப்பில், மலையகப் புனைகதையின் தொழிலாளி பெரும்பாலும் துன்பப்படுபவராகவே வருகிறார். அறிந்தவராக வருவது அரிது. எந்தக் கீரை எந்த மலைச்சரிவில் முளைக்கும், எந்தப் பீலி எந்த மாதம் வற்றும், மானாப்புல் காய்ந்தால் தீ எப்பக்கம் ஓடும் என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. 1823 முதல் எண்ணினால் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட இச்சமூகத்தை 'சுதேசி' என்ற சொல் சேர்ப்பதில்லை. 'உள்ளூர்ச் சமூகம்' என்ற சொல்லாவது சேர்க்க வேண்டும்.

முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் வேலையுண்டு. கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிப்போய்ப் பாக்கு முதலானவற்றோடு திரும்பிய தவள மாட்டுப் பாதைகளில் நம் முன்னோர் கண்டி இராச்சியமெங்கும் நடந்தார்கள். அந்த வரலாற்றை வணிகத்தின் பெருமையாக அடிக்கடி எழுதிவிட்டோம். மாட்டுக்குப் புல்லும் நீரும் எங்கே, காய்ச்சலுக்கு எந்தப் பட்டை என்ற அறிவை எழுதவில்லை. ஊவாவின் முஸ்லிம் கிராமங்களில் முதியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு, சொன்னவரின் பெயரோடு, சொன்ன சொல்லிலேயே பதிய வேண்டும். அதைப் பரிசோதிப்பது தாவரவியலாளரின் வேலை. சொன்னவருக்குரிய இடம் பறிபோகாமல் பார்ப்பது எழுதுபவரின் பொறுப்பு.