பாட்டின் உட்புறத் தையல்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றினுள் நுழைந்து பார்த்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். தைத்து முடித்த சட்டைகள் மேசைமீது குவிந்து கிடக்கும். செக்கிங் பிரிவில் அமர்ந்துள்ள பெண்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, முன்னும் பின்னும் நோக்கியபின் உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்ப்பர். நிறமும் அச்சிட்ட படமும் வாங்குவோர் கண்ணுக்கு உரியவை. ஓவர்லாக் தையல் பிசகின்றி ஓடியிருக்கிறதா என்பதோ உள்ளே பார்த்தாலன்றித் தெரியாது.

பாட்டையும் இவ்வாறு திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம் இசைத் திறனாய்வில் குறைவு. பாடியவரின் குரலைப் போற்றுகிறோம். கவிஞரின் சொல்லை ஆராய்கிறோம். மெட்டமைத்தவரின் மேதைமையை வியக்கிறோம். பாட்டின் அடியில் ஓடி அதனைத் தாங்கும் ஓசையைப் பற்றியோ பேசுவோர் சிலரே. அவ்வோசையை எழுப்பும் பேஸ் கிதாரையும் அதனை வாசிப்பவரின் நிலையையும் இக்கட்டுரையில் சற்றே நோக்குவோம்.

தாழ்ந்த ஒலி நமக்குப் புதியதன்று. பழந்தமிழ் இசை மரபு ஓசையின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தது. நாதசுர மேளத்தில் ஒத்து என்னும் கருவி உண்டு. அதனை வாசிப்பவர் ஒரே சுருதியை இடைவிடாது ஊதிக்கொண்டிருப்பார். அவருக்கு ஆலாபனையும் இல்லை. தனக்கென ஒரு கீர்த்தனையும் இல்லை. காலப்போக்கில் அவர் இடத்தைப் பல மேளங்களில் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. அவருக்கு நம் மொழி அளித்த பரிசு யாது? பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று இகழ்கிறோம். தாங்கி நிற்பவனை ஏளனம் செய்யும் மனப்பாங்கு அச்சொல்லாட்சியிலேயே உறைந்து கிடக்கிறது.

ஆயினும் ஒத்தும் பேஸும் ஒன்றல்ல. ஒத்து நிலைத்து நிற்கும், பேஸ் நகரும். குருமடத்துப் பாடகர் குழுவில் நாம் பல ஆண்டுகள் பேஸ் குரலில் நின்றோம். மெட்டு முதற்குரலாருக்கு உரியது. நமக்குக் கிடைத்ததோ அடிச்சுரங்கள். பயிற்சியின்போது நம் பகுதியைத் தனியே பாடினால் அது பாட்டாகவே தோன்றாது. நான்கு குரல்களும் இணைந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. மேலே மெட்டு ஒரே சுரத்தில் நீடித்து நிற்க, கீழே நாம் ஒரு படி இறங்கினால் முழுப் பாட்டின் முகமும் மாறிவிடும். மகிழ்ச்சியாய் ஒலித்த சுரமே துயரமாய் ஒலிக்கும். மெட்டு சொல்லும் செய்திக்குப் பொருள் தருவது அதன் அடியில் உள்ள சுரம் என்பதை அன்று கற்றோம்.

இந்தப் பணியைக் கிதார் வடிவில் ஏற்றவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர். அவருடைய பிரிசிஷன் பேஸ் 1951இல் வெளிவந்தது. அதற்குமுன் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞருக்குத் தோளில் மாட்டும் கருவி கிடைத்தது. கழுத்தில் கட்டைகள் பதித்திருந்தமையால் சுரம் பிசகாது விழுந்தது. கருவியின் பெயரே அந்தத் துல்லியத்தைக் குறிப்பதுதான். அதன் நான்கு கம்பிகளில் தடித்தது நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. மனிதக் காது உணரும் எல்லையின் அடிவிளிம்பில் அவ்வோசை நிற்கிறது.

தமிழகத்தில் இக்கருவி பல்லாண்டு ஒலித்தும் நாம் அதனைக் கவனியாமற் போனதற்கு நம் காதுகள் மட்டும் பொறுப்பல்ல. நம் இளமைக்காலத்தில் பாட்டுக் கேட்டதெல்லாம் டிரான்சிஸ்டர் பெட்டியிலும், தேநீர்க்கடை வானொலியிலும், திருவிழாக்களில் மரக்கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் அன்றோ? உள்ளங்கை அளவுள்ள ஒலிபெருக்கியால் அத்தாழ்ந்த அதிர்வை எழுப்ப இயலாது. குழாயோ அதனினும் மோசம். ஆனால் இறைவன் படைத்த காதின் விந்தை, மேலே ஒலிக்கும் கிளையதிர்வுகளைக் கொண்டு அடியில் இல்லாத ஓசையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஒரு தலைமுறையே பேஸை இவ்வாறு பாதி கேட்டும் பாதி ஊகித்தும் வளர்ந்தது. இன்று நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழைய பாடல்களைக் கேட்கும் இளைஞர்கள், "இதுவெல்லாம் இதற்குள் இருந்ததா?" என வியக்கின்றனர்.

அவ்வியப்புக்குப் பெரிதும் காரணமானவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் திரையிசைக்கு வந்த அவர், அதற்கு முன்பே கிதார்க் கலைஞராகப் பணியாற்றியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். ஒவ்வொரு வாத்தியத்திற்கும் உரிய சுரங்களைத் தாமே தாளில் எழுதித் தருபவர். 'பகலில் ஒரு இரவு' (1979) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'இளமை எனும் பூங்காற்று' பாடலை எடுத்துக்கொள்வோம். குரலை விட்டுவிட்டு அடியோசையை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், அது மெட்டுக்குக் காவல் நிற்கும் வேலையாளாக இல்லை; மெட்டோடு உரையாடும் தோழனாக இருக்கிறது. குரல் நிற்குமிடத்தில் அது நடக்கிறது; குரல் நடக்குமிடத்தில் வழிவிடுகிறது. பாஹ் என்னும் ஜெர்மானிய மேதை தம் தேவாலயப் பாடல்களில் கீழ்க்குரலுக்கும் தனக்கென ஒரு மெட்டு உண்டு என்று காட்டிய நெறியே இது. 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாஹைத் தம் இல்லத்தில் சந்தித்ததாக ஓர் இசைக்கோவைக்கே இளையராஜா பெயரிட்டது தற்செயலன்று.

இக்கருத்துகளை நாம் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பகலில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்; சனி இரவும் ஞாயிறும் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிப்பவர். பேசத் தொடங்கினால் அவரிடம் கறாரான அபிப்பிராயங்கள் பல உண்டு. அவற்றை நாம் முழுவதும் ஏற்பதில்லை. ஆயினும் எடைபோடத் தக்கவை.

கம்பியைப் பற்றி அவர் கொண்ட கொள்கை: தட்டைச் சுற்றுக் கம்பியே வேண்டும். உருண்டைச் சுற்றுக் கம்பி பளீரென ஒலிக்கும். ஆனால் விரல் நகரும்போது கீச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஐந்து கம்பி பேஸை அவர் விரும்புவதில்லை. "நாலு கம்பியிலயே இன்னும் முடிக்கலீங்க சாமி" என்பார். இங்கு நாம் அவரோடு உடன்படவில்லை. நொடிக்கு 31 முறை அதிரும் ஐந்தாம் கம்பி, தாழ்ந்த சுருதியில் பாடுவோருக்கு உண்மையிலேயே துணை செய்கிறது. கருவி விரிவதை ஆடம்பரம் என்று ஒதுக்குதல் முறையன்று.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய அவர் கருத்தோ மறுக்க இயலாதது. தாழ்ந்த ஓசையைக் காது எளிதில் வாங்குவதில்லை. ஆகவே கிதாருக்கு ஐம்பது வாட் போதுமான மேடையில் பேஸுக்குப் பன்மடங்கு ஆற்றல் தேவை. ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற எஸ்.வி.டி. கருவி 300 வாட் திறனுடையது. அதனுடன் பத்து அங்குல ஒலிபெருக்கிகள் எட்டினை ஒரே பெட்டியில் அடுக்கினர். இத்தனை ஆற்றலும் கூச்சலிடுவதற்கன்று. தெளிவாக, கிழியாமல், அடக்கமாக ஒலிப்பதற்கு. நம் மைக்செட் அன்பர்கள் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கிக் கேட்போர் நெஞ்சை உலுக்குவதை அவர் பேஸ் என்றே ஏற்பதில்லை. "அது இடிங்க. எந்தச் சுரம்னு கேட்டுப் பாருங்க, யாருக்கும் தெரியாது" என்பார்.

அவர் சொன்னவற்றுள் நாம் மறவாதது ஒன்று. சுரத்தை எங்கே தொடங்குவது என்பதை எவரும் கற்றுக்கொள்ளலாம். எங்கே நிறுத்துவது என்பதே வித்தை. டிரம்ஸின் அடியோடு சேர்ந்து எழும் சுரத்தை விரல் எப்போது அணைக்கிறதோ, அந்தச் சிறு மௌனத்தில்தான் பாட்டு நடக்கத் தொடங்குகிறது. மறையுரை ஆற்றும் நமக்கும் இது பயன்படும் பாடம்.

இனி நம் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பங்குத் திருவிழா இன்னிசைக்கு ஏற்பாடு செய்தபோது செலவு மிகுந்தது. கீபோர்டு வாசிப்பவரே இடக்கையால் பேஸையும் பார்த்துக்கொள்வார், ஓர் ஆளின் கூலி மிச்சமாகும் என்று குழுவினர் கூறினர். நாம் மகிழ்ந்து இசைந்தோம். நீக்கப்படுபவர் யார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், அவர் நம்மவர், வருந்தமாட்டார் என்று நம் மனத்திற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று மாலை அவர் குடும்பத்தோடு வந்து, ஜெனரேட்டர் அருகே கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்டார்.

பாடல்கள் பிழையின்றியே ஒலித்தன. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் வந்து, "போன வருசம் மாதிரி இல்லீங்க சாமி. என்ன கொறைன்னு சொல்லத் தெரியல" என்றார். பேஸ் என்னும் சொல்லையே அறியாத அவர் காது அதன் இன்மையை அறிந்திருந்தது. மறுவாரம் அன்பரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பையன் பாவமுங்க. ரெண்டு பேர் வேலைய ஒத்தக் கைல பார்த்தான்" என்று மட்டும் சொன்னார்.

கீபோர்டில் எழும் பேஸை நாம் இழிவாகக் கருதவில்லை. நல்ல இசையமைப்பாளர் கையில் அதற்கும் தனி அழகு உண்டு. நாம் வினவுவது வேறு. ஒருவர் வாசிப்பது எவர் கண்ணிலும் படாதது என்பதே அவரை முதலில் நீக்குவதற்குக் காரணமாவது நீதியா?

தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. கார் தொழிற்சாலையில் வேலை செய்த பெர்ரி கார்டி, அதன் உற்பத்தி வரிசையை மனத்திற்கொண்டு மோட்டவுன் இசை நிறுவனத்தை அமைத்தார். அங்கே 1960களில் வெளிவந்த எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு அடித்தளம் இட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே, தட்டைச் சுற்றுக் கம்பிகள் பூட்டிய பேஸில் அவர் வாசித்தவற்றை உலகமே முணுமுணுத்தது. ஆனால் இசைத்தட்டுகளின் உறையில் பாடகர் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு 1971இல் வெளிவந்தபோதே வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சேறின. 1983இல், 47ஆம் வயதில் அவர் மறைந்தார். 2000ஆம் ஆண்டில்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் நிலைமை வேறாக இல்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை, அப்பாடல்களை வரி பிசகாது பாடுவோருள் எத்தனை பேர் அறிவர்? எழுதிய சுரம் இசையமைப்பாளருடையது என்பது மெய்யே. அதற்கு உயிரூட்டிய விரல் இவருடையது. ஏ. ஆர். ரகுமானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கியபின், கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞர்களின் பெயர்கள் பலர் வாயில் வழங்கின. ஒரு வரி அச்சிடுவதற்கு ஆகும் மை எவ்வளவு?

இத்தகையோரைக் குறித்துப் பேசும்போது 'தாழ்ச்சி' என்னும் சொல்லை நாம் விரைந்து கையாளுகிறோம். மறைவாய் இருந்து உழைப்பது புண்ணியம் என மேடையில் முழங்குவதும் எளிது. ஆனால் தாழ்ச்சி என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்பது; பிறர் அவர்மேல் சுமத்துவது அன்று. பாட்டுக்கு முன்னே தம்மை நிறுத்தாமல் இருப்பது அக்கலைஞரின் தாழ்ச்சி. அவர் பெயரைச் சொல்லாமலும் கூலியைக் கொடாமலும் இருப்பது நம் அநீதி. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறைப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். அக்குழப்பத்தை நாமும் செய்தோம் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

அன்பரின் கொள்கையை அவர் சொற்களிலேயே தருவோம்: "பேஸ் இருக்குதுன்னு தெரியக்கூடாதுங்க சாமி; இல்லைன்னாத் தெரியணும்." வாசிப்பவருக்கு இது உயர்ந்த நெறி. கேட்பவருக்கும் விமர்சிப்பவருக்கும் இது போதாது. இருக்கும்போதே தெரிந்துகொள்வது நம் கடமை.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவர் மீண்டும் மேடையின் பின்புறம், டிரம்ஸ் அருகே, வழக்கமான இடத்தில் நின்றார். நிறைவில் நன்றியுரை ஆற்றியபோது ஒவ்வொரு கலைஞரையும் பெயர் சொல்லி அழைத்தோம். அவர் பெயரைச் சொன்னபோது கைத்தட்டல் பெரிதாக எழவில்லை. பலருக்கும் அவர் என்ன வாசித்தார் என்றே விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மூதாட்டி மட்டும் அருகிலிருந்த பேத்தியிடம் ஏதோ சொல்லி, மேடையின் பின்புறத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.