சாமி படத்துப் பொன்

சிவகாசியில் அச்சாகும் சாமி படத்தில் அம்மனின் கிரீடம் தகதகக்கிறது. அதில் குன்றிமணி எடைகூடத் தங்கம் கிடையாது. பாலியெஸ்டர் சுருளில் ஆவியாகப் படியவைத்த அலுமினியம், அதன் நிறத்தை மாற்றும் மஞ்சள் அரக்குப் பூச்சு, அவ்வளவுதான். சூடான டை அழுத்தியதும் அது சுருளை விட்டுத் தாளில் ஒட்டிக்கொள்கிறது. பட்டாசில் வெள்ளை ஒளி தருகிற அலுமினியமே இங்கே அம்மனுக்குப் பொன்னாகிறது என்பது இந்த வட்டாரத்துக்கே வாய்த்த வேடிக்கை.

இதைப் போலி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மரபை எடுத்தாலும் பொன்வேலையின் தரம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே ஒட்டும் பொன் ரேக்கு எதையும் மறைக்காது; கீழே ஒரு மணல் துகள் கிடந்தால் போதும், மேலே காட்டிக்கொடுத்துவிடும்.

தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் இது கண்கூடு. மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆட்சியில் (1798–1832) செழித்த மரபு அது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, காயவிட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். நகையும் மண்டபமும் வருகிற இடங்களில் அதே கலவையைக் கெட்டியாக வைத்துப் புடைப்பாக்கி, கல் பதித்து, 22 காரட் ரேக்கை ஒட்டுவார்கள். நுனி மழுங்கிய குச்சியால் பள்ளம் பள்ளமாக அழுத்தும்போதுதான் புடைப்பின் கூர்மை பொன்னில் தெரியவரும். கலவை சரியாகக் காயாவிட்டால் பிற்பாடு வெடிப்பு விடும். எத்தனை காரட் போட்டும் பயனில்லை. மைசூர்க்காரர்கள் புடைப்பைத் தாழ்வாக வைத்து, இன்னும் மெல்லிய ரேக்கை ஒட்டுவார்கள். அடக்கம் அவர்களிடம் கூடுதல்.

கோவில்பட்டி மரபு உலோகத்தையே தொடவில்லை. மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனியில் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976), டி. எஸ். சுப்பையா முதலிய அவருடைய சீடர்களும் மஞ்சள், பழுப்பு, ஒரு சொட்டு வெள்ளை ஆகியவற்றாலேயே ஒட்டியாணத்தை மின்ன வைத்தார்கள். தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த சிவகாசி அச்சகங்கள் அந்தப் படங்களைக் காலண்டராக்கி வீடுதோறும் சேர்த்தன. பிற்காலத்தில் அதே ஒட்டியாணத்தின்மேல் ஃபாயில் அடித்து எம்பாசிங்கும் செய்தார்கள். ஓவியன் வரைந்த ஒளியும் நிழலும் தகட்டுக்கு அடியில் போயின. என் கண்ணுக்கு அது நட்டம்தான்.

இனி படத்தைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பியக் கைவேலைச் சட்டத்தில் மரத்தின்மேல் சுண்ணமும் வச்சிரமும் கலந்த பூச்சைப் பல அடுக்காகப் பூசி, அதன்மேல் சிவப்புக் களிமண் குழம்பைத் தடவுவார்கள். பொன்தாள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்கு கனம். விரலால் தொட்டால் கிழிந்து மறைந்துவிடும். அதனால் தட்டையான தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தாளை ஒற்றி எடுத்து, நனைத்த களிமண்ணில் விடுவார்கள். ஈரம் பதமாக வற்றியதும் அகேட் கல்லால் தேய்த்தால் கண்ணாடிபோல் மெருகேறும். எண்ணெய்ப் பசையில் ஒட்டிய தாளுக்கு இந்த மெருகு வராது. மழை வெயிலைத் தாங்கும் என்பது அதன் பெருமை.

நல்ல சட்டத்தை அறிய மூலையைப் பார்த்தாலே போதும். கைவேலையில் நான்கு துண்டையும் இணைத்த பிறகே பூச்சும் பொன்னும் ஏறும். மூலையில் கோடு தெரியாது. விருதுநகர் பஜாரானாலும் மதுரையானாலும், இன்று பிரேம் கடைக்கு வருவது ஏற்கெனவே ஃபாயில் ஏற்றிய நீளக் கட்டை. அதை 45 பாகையில் வெட்டிச் சேர்க்கிறார்கள். வெட்டு அரை மயிரிழை பிசகினாலும் வெள்ளைக் கீறலாகத் தெரியும். மஞ்சள் மெழுகு தடவி மூடுவதும் உண்டு. அடுத்து, பொன்தாள் ஏறத்தாழ 8 செ.மீ. சதுரம் என்பதால் அசல் வேலையில் தாளோடு தாள் சேரும் மெல்லிய கோடுகள் சீரான இடைவெளியில் தெரியும். பித்தளைத் தாளிலும் பெரிய சதுரமாக அவை உண்டு. ஆனால் சில வருஷத்தில் கறுத்துவிடும்.

ஃபாயிலுக்கும் தரம் உண்டு. செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பொன் கூடவே வரக்கூடாது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் விளிம்பு கத்தி வெட்டினாற்போல் நிற்கும்; சொரசொரப்பான தாளில் ஓட்டை விழும்; சூடு மிஞ்சினால் எழுத்தின் உள்வளைவுகள் அடைபட்டுப் போகும்.

சரஸ்வதி பூஜைக்கு வீட்டுப் படங்களையெல்லாம் இறக்கி ஈரத்துணியால் துடைப்பது நம் வழக்கம். ஃபாயில் சட்டம் அதைத் தாங்கும். களிமண்மேல் மெருகிட்ட பழைய சட்டம் வீட்டில் இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். வச்சிரம் தண்ணீரில் இளகும், பொன் துணியோடு வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.