காகிதமும் பொத்தானும்

பலூன் என்றதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு அதன் இணைப்புகளைத் தடவிப் பார்க்கத்தான் ஆசை. 1783 ஜூனில் பிரான்சின் அனோனே ஊரில் மாண்ட்கோல்ஃபியர் சகோதரர்கள் பறக்கவிட்டது காகிதம் ஒட்டிய சாக்குத்துணி. காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள் அல்லவா, தாளின் பலம் விரலுக்கே தெரிந்திருக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தவை பொத்தான்கள்! ஏறக்குறைய 2,000. ஒவ்வொன்றாய்த் துளையில் நுழைத்துப் பூட்டிய பொறுமையை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. கீழே வைக்கோலும் கம்பளியும் புகையப் புகைய, தொய்ந்து கிடந்த தாள் சரசரத்து, மடிப்பு மடிப்பாக விரிந்து விம்மியிருக்கும்.

அந்த நவம்பரில் பாரிஸில் மனிதர்களே ஏறினார்கள். பிலாத்ர் து ரோசியேயும் தார்லாந்தும் தீக்கு வைக்கோல் ஊட்டிக்கொண்டு, துணியில் பொறி பட்ட இடங்களை ஈரக் கடற்பஞ்சால் ஒற்றி அணைத்தபடி, சுமார் 25 நிமிடம் மிதந்தார்கள்.