ஊசியில்லாச் சர்க்கரைச் சோதனை: உரைத்துப் பார்க்க வேண்டிய வாக்குறுதி

நீரிழிவு நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்று பழைய ஆயுர்வேத நூல்கள் குறிப்பிடுகின்றன. எறும்பே அந்நாளைய வேதியியல் உணர்வி எனலாம். பின்னர் பெனடிக்ட் கரைசல் வந்தது. சர்க்கரை கலந்த சிறுநீரை அதில் விட்டுச் சூடாக்கினால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இறுதியில் செங்கல் நிறம் அடைவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் கண்டிருப்பார்கள். இன்றோ, வியர்வையிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் இரத்தச் சர்க்கரையை அறியலாம், விரலில் ஊசி குத்த வேண்டியதில்லை என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில், இப்போது பயன்படும் முறையைப் பார்ப்போம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்களான கிளார்க், லயன்ஸ் ஆகிய இருவரும் ஒரு புதிய மின்வாயை விவரித்தார்கள். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியை அதன்மேல் ஒரு மெல்லிய படலமாக நிறுத்தினார்கள். இந்த நொதி பல பொருள்கள் கலந்த கரைசலிலும் குளுக்கோஸைத் தேடிப் பிடித்து ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. அப்போது ஆக்ஸிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. இம்மாற்றத்தை மின்னோட்டமாக அளந்தால் குளுக்கோஸின் அளவு தெரியும். வேதிவினையை மின்சாரத்தின் மொழியில் பேசவைத்த இக்கருத்துத்தான் இன்றைய குளுக்கோமீட்டருக்கு அடிப்படை. ஒரு சொட்டு இரத்தம், ஒரு சோதனைப் பட்டை, சில விநாடிகள். விடை திரையில் தெரிகிறது.

ஆனால் குத்தல் குத்தல்தான். இன்சுலின் போடுபவர் ஒரு நாளில் பலமுறை விரலைக் குத்திக்கொள்ள நேரிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. ஆகவே ஊசியில்லாத சோதனையை நாடுவதில் தவறில்லை. அந்த நாட்டத்தைப் பயன்படுத்தி, முடிவுறாத ஆராய்ச்சியை முடிந்த சாதனைபோல் அறிவிப்பதுதான் தவறு.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2001இல் அமெரிக்காவில் ‘குளுக்கோவாட்ச்’ என்ற கைக்கடிகாரம் அனுமதி பெற்றது. அது மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தித் தோலின் வழியே திரவத்தை இழுத்துச் சர்க்கரையை அளந்தது. பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. அளவைச் சரிசெய்ய விரலைக் குத்த வேண்டியும் இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, வியர்த்தால் கருவி அளவீட்டைத் தவிர்த்துவிடும். சர்க்கரை அபாயமாகத் தாழும்போது உடல் வியர்க்கும் என்பதை நாம் அறிவோம். அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் கருவி கைவிட்டது! 2007இல் அது சந்தையை விட்டு நீங்கியது. அடுத்து, 2014இல் கூகிள் நிறுவனம் கண்ணீரில் குளுக்கோஸை அளக்கும் ஒட்டுக்கண்ணாடியை அறிவித்தது. உலகமே வியந்தது. கண்ணீர்ச் சர்க்கரைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் உள்ள உறவு ஒருசீராக இல்லை என்பதால் 2018இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது.

இரண்டிலும் பொறியியல் திறமைக்குக் குறைவில்லை. இடர் உடலியலில் இருந்தது. கண்ணீரிலும் வியர்வையிலும் உள்ள குளுக்கோஸ், இரத்தத்தில் உள்ளதைவிட மிக மிகக் குறைவு. வியர்வை சுரக்கும் வேகம், தோலில் படிந்த அழுக்கு, உடல் சூடு ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் சிறு அளவை மாற்றிவிடும். செயற்கை வியர்வை என்ற பெயரில் உப்பு நீரில் குளுக்கோஸைக் கரைத்து அளந்து காட்டுவது எளிது. வயலில் உழைப்பவரின் வியர்வையில் அளப்பது வேறு கதை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய கண்கட்டு ஒன்றும் உண்டு. ‘எங்கள் கருவிக்கும் இரத்தச் சோதனைக்கும் ஒட்டுறவு 0.95’ என்று எழுதுவார்கள். ஒரு கருவி எப்போதும் உண்மை அளவில் சரிபாதியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒட்டுறவு முழுமையாக 1 ஆகவே இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு விடையும் தவறு. ஒட்டுறவு வேறு, ஒத்துப்போதல் வேறு என்பதை 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் புள்ளியியல் அறிஞர்கள் தெளிவாக்கினார்கள். மறு ஆண்டே கிளார்க் என்னும் மற்றொருவரும் அவர் குழுவினரும், ‘இந்தப் பிழையால் சிகிச்சை மாறுமா?’ என்று கேட்டுப் பிழைகளைத் தரம் பிரிக்கும் கட்டப்படம் ஒன்றை வகுத்தார்கள். 250 இருக்கும் இடத்தில் 280 காட்டினால் பெரும் கேடில்லை. 60 இருக்கும் இடத்தில் 110 காட்டினால், அதை நம்பி இன்சுலின் போடுபவர் மயங்கி விழலாம்.

இது வெறும் அச்சமன்று. நொதி மாறியதால் உயிர்கள் போன வரலாறு உண்டு. சிலவகைப் பட்டைகளில் பயன்பட்ட வேறொரு நொதி, குளுக்கோஸுக்கும் மால்டோஸுக்கும் வேறுபாடு அறியாதது. சிறுநீரகம் பழுதடைந்து, வயிற்றறை வழியே இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோருக்கு ஒருவகைத் திரவம் செலுத்துவார்கள். அது உடலில் சிதைந்து மால்டோஸாகும். பட்டை அதையும் சர்க்கரையாகக் கணக்கிட்டது. தேவைக்கு மேல் இன்சுலின் கொடுக்கப்பட்டது. இத்தகைய 13 மரணங்கள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. சரியான இடத்தில் தவறான உணர்வி என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டுமா?

இனி, இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சங்கரன்கோவிலை அடுத்த புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. அங்கே பழம் தரம்பிரிக்கும் ஒரு பெண் தொழிலாளிக்கு நீரிழிவு என்று கொள்வோம். அவர் கையில் ஒரு கருவி சரியாக வேலை செய்ய என்னென்ன வேண்டும்? பெரும்பாலான பட்டைகளை 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது. அங்கே கோடையில் வீட்டுக்குள்ளேயே அதற்கு மேல் வெப்பம் போகும். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. சிவப்பணுக்கள் குறைந்த இரத்தத்தில் பல குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இக்குறையைத் திருத்திக்கொள்ளும் கருவிகளும் உள்ளன. ஆனால் வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை. இனிப்புப் பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறும். பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைப்பது போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும் என்று 2011இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சி கருவியைக் குழப்புமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பழத்தில் உள்ளது சிறிதளவே. ஆனால் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக விழுங்கினால், தோலுக்கடியில் பொருத்தும் சிலவகை உணர்விகள் தவறாகக் கூட்டிக் காட்டக்கூடும்.

வெப்பம், இரத்தசோகை, கைப்பழக்கம் என்ற இம்மூன்றையும் புதிய உணர்வி பற்றிய செய்திகளில் காண்பது அரிது. நலமான சில இளைஞர்கள்மேல் குளிரூட்டிய அறையில் சோதித்த கருவி, புளியங்குடிக் களத்துக்குத் தானாகவே பொருந்திவிடாது.

இதனால் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோலுக்கடியில் மெல்லிய இழையை நிறுத்தித் தொடர்ந்து அளக்கும் கருவிகள், 1999இல் முதல் அனுமதி பெற்றது முதல் படிப்படியாகத் திருந்தி வந்துள்ளன. அவை இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும்; எனினும், இரவில் சர்க்கரை தாழ்வதைக் கண்டு எழுப்பிப் பலரைக் காத்துள்ளன. குறைகளை மறைக்காமல் அளந்து வெளியிட்டதே அவற்றின் வெற்றிக்குக் காரணம். விலைதான் இன்னும் ஏழைக்கு எட்டவில்லை.

மறுபுறம், 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மருந்தும் தருகிறார்கள். இதில் உள்ளது பழைய விரல்குத்துப் பட்டைதான். ஆனால் எண்ணுக்குப் பின்னால் மருந்தும் மறுமுறை வரும் மனிதரும் உண்டு. நோயாளியைக் காப்பது எண் மட்டுமன்று, எண்ணைத் தொடர்ந்து வரும் செயல்.

தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதன் பின்னரும் அத்தகைய பொருள்கள் விளம்பரத்தில் வலம் வருகின்றன. எனவே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது வாசகர்கள் நான்கு கேள்விகள் கேட்கட்டும்: எந்தத் திரவத்தில் அளந்தார்கள்? எத்தனை நோயாளிகளிடம், எவ்வகை மக்களிடம் சோதித்தார்கள்? சர்க்கரை தாழ்ந்தபோது கருவி என்ன காட்டியது? எண்ணைக் கண்டபின் யார் என்ன செய்யப் போகிறார்கள்? இவற்றிற்கு விடை தரும் ஆராய்ச்சியை வரவேற்போம். விடை இல்லாத கருவியை நம்பி விரல்குத்துப் பட்டையைத் தூக்கி எறிய வேண்டாம்.