சராசரி வளைவரையும் தனியாள் கற்றலும்

கற்றல் படிப்படியாகவே நிகழ்கிறது என்பதற்கு உளவியல் நூல்கள் காட்டும் பழகிய சான்று, மெல்ல உயர்ந்து சமநிலை எய்தும் கற்றல் வளைவரை. அது பெரும்பாலும் ஒருவருடைய வளைவரையன்று. பலர் பெற்ற மதிப்புகளின் சராசரி. குழுவின் வளைவரையைக் கொண்டு தனியாளின் வளைவரையை உய்த்துணர்தல் பிழை என 1952இல் மரே சிட்மனும் 1956இல் வில்லியம் எஸ்டெஸும் எச்சரித்தனர்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். இரண்டு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் பயிற்சியில் பத்துப் பேர் ஈடுபடுவதாகக் கொள்வோம். விடையின் விதி பிடிபடும்வரை ஒவ்வொருவரும் ஊகத்தால் 50 விழுக்காடு பெறுவர், பிடிபட்டபின் 100. நாளுக்கு ஒருவராக இத்தாவல் நிகழ்ந்தால் சராசரி நாள்தோறும் 5 புள்ளி உயரும். ஐந்தாம் நாள் 75இல் நிற்கும். அந்நாளில் 75 பெற்றவரோ ஒருவருமிலர். தாவிய நாள்கள் வேறுபட்டமையே சீரான ஏற்றமாகத் தோற்றமளித்தது. இது வெறும் கற்பனைக் கணக்கன்று. காலிஸ்டல், ஃபேர்ஹர்ஸ்ட், பால்சம் ஆகியோர் விலங்குகளின் பதிவுகளைத் தனித்தனியே ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலானவற்றில் மாற்றம் திடீரென நிகழ்ந்ததைக் காட்டியது.

எஸ்டெஸ் சராசரியையே விலக்கியதாகச் சிலர் மேற்கோள் காட்டுவது பொருந்தாது. தனியாள் பற்றிய கொள்கையிலிருந்து குழுச் சராசரியைக் கணித்துச் சோதிப்பதை அவர் ஏற்றார். எதிர்த்திசையில் செல்வதையே மறுத்தார்.

பேயன், டேவிட்சன், பேட்ஸ் ஆகியோரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் மொழியியல் ஆய்வுகளில் கலப்பு விளைவு மாதிரிகள் பெருகின. பங்கேற்பாளருக்குச் சமவாய்ப்பு விளைவு சேர்த்துவிட்டால் தனியாள் வேறுபாடு கணக்கில் கொள்ளப்பட்டதாக இன்று ஒரு தொடரில் எழுதி முடிக்கின்றனர். இங்குத்தான் உடன்பட இயலவில்லை. இம்மாதிரி ஒவ்வொருவருக்கும் தொடக்க அளவையும் சாய்வையும் வேறுபட விடுகிறது. வளைவரையின் வடிவத்தை மட்டும் அனைவருக்கும் பொதுவாக முன்கூட்டியே விதித்துவிடுகிறது. தரவு குறைந்தோரின் மதிப்பீட்டைக் குழுச் சராசரியை நோக்கி இழுக்கவும் செய்கிறது. அளவில் மட்டும் வேறுபடுவோரிடத்து இது நன்மையே. மேற்கண்ட பத்துப் பேருக்கு நேர்கோட்டு மாதிரியைப் பொருத்தினாலோ பத்துச் சாய்கோடுகள் கிடைக்கும். ஒரு தாவலும் கிடைக்காது. தாவலின் சுவடு எச்சங்களில் கிடக்கும். அவற்றை ஆள்வாரியாக வரைந்து காட்டும் கட்டுரைகள் அரியன.

முப்பது பங்கேற்பாளரின் முப்பது சிறு வரைபடங்கள் இரண்டு பக்கத்தில் அடங்கும். பக்கக் கட்டுப்பாடற்ற இணைய இதழ்களேனும் அவற்றைப் பின்னிணைப்பாகக் கேட்டுப் பெறலாம்.